பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டதா? இங்கிருந்து தொடங்குங்கள்

கல்வியாண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் "குழந்தைப் பாதுகாப்பை இந்த வருஷம் நீங்க பார்த்துக்கோங்க" என்று ஒரு கோப்பைக் கையில் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. உள்ளே நாற்பது பக்கக் கொள்கை, கடைசியில் எல்லோருடைய கையெழுத்து. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரிடம், "ஒரு பிள்ளை உங்களிடம் வந்து எதையாவது சொல்லி அழுதால் அடுத்து யாரிடம் போவீர்கள்?" என்று கேட்டேன். ஒருவர் தலைமையாசிரியர் என்றார். இன்னொருவர் பிள்ளையின் அப்பா என்றார். தப்பு செய்தவரே அந்த அப்பாவாக இருந்தால்? அவர் அதை யோசித்ததே இல்லை.

அதனால் கொள்கையைத் திருத்தி எழுதும் வேலையைத் தள்ளிவையுங்கள். ஒரு பிள்ளை வாய் திறக்கிற அந்த முதல் பத்து நிமிடத்துக்கு ஆட்களைத் தயார்செய்வதுதான் உங்கள் உண்மையான வேலை. கத்தோலிக்கப் பள்ளியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்

வகுப்புக்கு ஐந்தாறு பேரிடம் பள்ளியின் எளிய வரைபடத்தைக் கொடுங்கள். பிடித்த இடத்துக்குப் பச்சை, போகப் பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுத வேண்டாம், காரணமும் கேட்க வேண்டாம்.

கழிவறைப் பக்கம் சிவப்பாகும் என்று எதிர்பார்த்தேன், ஆனது. மாடிப்படிக்குக் கீழே இருந்த இசைக்கருவி அறையும் சிவப்பாக வந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால், கதவில் இருந்த கண்ணாடியை ஒரு பழைய கிறிஸ்துமஸ் நாடகச் சுவரொட்டி முழுக்க மூடியிருந்தது. உள்ளே பல்பும் எரியவில்லை. அங்கே தவறாக ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. இருட்டைப் பார்த்துப் பயந்திருக்கலாம். சுவரொட்டியைக் கிழித்தோம், பல்பு மாட்டினோம், சாவியை அலுவலகத்தில் வைத்தோம்.

பிறகு நீங்களே ஒரு சுற்று நடங்கள். சிற்றாலயத்துக்குப் பின்னால் திருவுடைகள் வைக்கும் அறை, ஆலோசனை அறை, விடுதி, பள்ளிப் பேருந்து. ஓர் ஆளும் ஒரு பிள்ளையும் மட்டும் இருந்தால் வெளியிலிருந்து பார்க்க முடியுமா? ஒவ்வோர் இடத்திலும் இந்த ஒரு கேள்வி போதும்.

படி 2: இரண்டு பெயர்கள், ஒரு மாற்றுவழி

பொறுப்பாளர்கள் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் பெண், ஒருவர் ஆண். படத்தோடு பெயரையும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். குற்றச்சாட்டு தலைமையாசிரியர் மீதோ, பொறுப்பாளர் மீதோ, பங்குத்தந்தை (ஊர்க் கோவிலின் குரு) மீதோ வந்தால் யாரிடம் போவது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். மறைமாவட்டத்தின் (ஆயரின் ஆளுகைப் பகுதி) புகார் அலுவலகம், அரசின் குழந்தைப் பாதுகாப்புத் துறை, காவல்துறை ஆகியவற்றின் எண்களைச் சேர்த்துவிடுங்கள். ஒட்டும் முன் ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள், சில எண்கள் செத்துக் கிடக்கும்.

படி 3: ஒரே பக்கத்தில் நடத்தை விதி

நாற்பது பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கம் எழுதுங்கள். மாணவருக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பக் கூடாது. ரகசியப் பரிசு கூடாது. சொந்த வண்டியில் தனியாக ஏற்றிச் செல்லக் கூடாது. தனியாகப் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய சில வரிகளும் வேண்டும். ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) பேச்சு கேட்காத, ஆனால் ஆள் தெரிகிற இடத்தில் நடக்கட்டும். தியானத்துக்கு வெளியூர் போனால் பெரியவரும் பிள்ளையும் ஒரே அறையில் தங்கக் கூடாது. பீடச்சிறுவர்கள் (திருப்பலியில் குருவுக்கு உதவும் பிள்ளைகள்) உடை மாற்றும்போது பெரியவர்கள் உள்ளே போகக் கூடாது.

"ஃபாதருக்கே விதியா?" என்று யாராவது முகம் சுளிப்பார்கள். ஆமாம், ஃபாதருக்கும் சிஸ்டருக்கும்தான் முதலில். அங்கியின் மேல் இருக்கிற மரியாதை பிள்ளையின் வாயையும் அடைக்கும், பெற்றோரின் வாயையும் அடைக்கும். நல்ல குருக்கள் இந்த விதிகளைச் சந்தோஷமாக ஏற்பதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

படி 4: ஆசிரியர்களுக்குப் பழக்கிக் கொடுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வருடத்துக்கு ஒருநாள் சொற்பொழிவு, தேநீர், சான்றிதழ் என்ற வழக்கத்தால் எனக்குத் தெரிந்து பெரிய பயன் இல்லை. மாதம் இருமுறை, இருபது நிமிடம், ஒரு சம்பவம். அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையம் பத்துத் தரநிலைகளைப் பரிந்துரைத்தது. ஊழியர்களுக்குத் தொடர்ச்சியான பயிற்சி என்பது அதில் ஒன்று. தொடர்ச்சியான என்ற சொல்லைக் கவனியுங்கள்.

முதல் பயிற்சிக்கு நடித்துப் பார்ப்பதையே எடுங்கள். ஓர் ஆசிரியர் பிள்ளையாக இருந்து, "டீச்சர், ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கட்டும். எங்கள் கூட்டத்தில் எதிரே இருந்தவர் இருபது வருட அனுபவம் உள்ளவர். ஒரு நிமிடத்துக்குள் "ஐயோ, யாரு? எப்ப? நீ ஏன் அங்க போன? நிஜமாவா?" என்று கேட்டு முடித்துவிட்டார். பிள்ளையாக நடித்தவர், "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று எழுந்தே விட்டார். அறையே அமைதியானது. அப்புறம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழக வேண்டிய வாக்கியங்கள் சில:

"நீ சொன்னது நல்லது."
"உன் மேல தப்பு இல்ல."
"உன்னைப் பாதுகாக்க ஒன்றிரண்டு பேரிடம் நான் சொல்லியாகணும். யாரிடம்னு உனக்கும் சொல்றேன்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம், அது பழி போடுவதுபோல் கேட்கும். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று பதிலை நாமே வாயில் வைப்பதும் கூடாது. அது பின்னால் விசாரணையையே கெடுத்துவிடும். "அப்புறம் என்ன ஆச்சு?" போதும்.

அடுத்தடுத்த வாரங்களில், கொடுமை செய்பவர் பிள்ளையை மெல்ல மெல்ல வசப்படுத்தும் முறையை எடுங்கள். சின்னச் சலுகை, தனிக் கவனிப்பு, "நமக்குள்ள இருக்கட்டும்" என்ற ரகசியம், பிறகு எல்லை மீறல். இப்படிச் செய்பவர் பிள்ளையை மட்டும் வசப்படுத்துவதில்லை. பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் முன்கூட்டியே நல்ல பெயர் வாங்கிவைத்திருப்பார். இணையத்திலும் இதே வரிசைதான், வேகம்தான் அதிகம்.

ஓட்டுநர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், மறைக்கல்வி ஆசிரியர், தற்காலிக ஆசிரியர் எல்லோரையும் அழையுங்கள். எங்கள் பள்ளியில் முதல் சந்தேகத்தைச் சொன்னவர் பேருந்து உதவியாளர்தான்.

படி 5: புகார் வந்துவிட்டால்

பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதுங்கள். தேதி, நேரம், கையெழுத்து. நாகரிகமாக்க வேண்டாம். அன்றே பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிள்ளை உடனடி ஆபத்தில் இருந்தால் பொறுப்பாளருக்கும் காத்திருக்காதீர்கள், காவல்துறையை அழையுங்கள்.

நீங்கள் விசாரிக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "உண்மையா?" என்று கேட்பதும், பிள்ளையோடு நேருக்கு நேர் உட்கார வைப்பதும் நல்லெண்ணத்தில் செய்யும் பெரும் தவறுகள். சத்தமில்லாமல் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவது அதைவிட மோசம்.

"திருச்சபைக்குக் கெட்ட பெயர் வருமே" என்பவரிடம் திருச்சபையின் சட்டத்தையே காட்டலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்ற ஆவணத்தின்படி, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த குருவும் துறவியும் திருச்சபை அதிகாரியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். புகார் கொடுத்தவரை மௌனமாக இருக்கச் சொல்ல முடியாது. நாட்டின் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் அப்படியே இருக்கிறது. அந்த ஆவணம் 2023இல் நிரந்தரச் சட்டமானது. இத்தகைய வழக்குகளுக்கு இருந்த 'திருப்பீட இரகசியம்' என்ற மறைப்பும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. ஆக, மறைமாவட்டத்துக்குச் சொல்லிவிட்டோம், போதும் என்று உட்கார்ந்துவிட முடியாது.

ஒப்புரவில் கேட்டதைக் குரு வெளியிட முடியாது, அது தனி. ஆனால் அதே விஷயத்தை வெளியே வந்து நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லும்படி பிள்ளையை ஊக்கப்படுத்தலாம். இதைக் குருக்களோடு முன்கூட்டியே பேசிவையுங்கள்.

படி 6: சின்னச் சந்தேகங்களுக்கு ஒரு குறிப்பேடு

புகாராகாத விஷயங்கள் இருக்கும். "அவர் எப்போதும் ஒரே பையனைத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார்" என்பது போல. பூட்டிய அலமாரியில் ஒரு குறிப்பேடு, பார்த்ததை மட்டும் எழுத. தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் மூன்று வரிகள், ஒரே பெயருக்குக் கீழே வரும்போது வேறு மாதிரி தெரியும்.

புதிதாக ஆள் எடுக்கும்போது பழைய பள்ளியைத் தொலைபேசியில் கேளுங்கள், கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள். "இவரை மறுபடி பிள்ளைகளோடு வேலை செய்ய விடுவீர்களா?" என்ற கேள்விக்கு எதிர்முனையில் எவ்வளவு நேரம் தயங்குகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து வரைபடத்தையும் வண்ணப் பென்சில்களையும் மறுபடி எடுங்கள். இந்தமுறை தாளின் பின்பக்கத்தில் ஒரு கேள்வியையும் சேருங்கள்: "பயமாக இருந்தால் இந்தப் பள்ளியில் யாரிடம் சொல்வாய்?" எங்களுக்குக் கிடைத்த தாள்களில் பாதியில் சமையற்கார அம்மாவின் பெயர் இருந்தது. அடுத்த வாரப் பயிற்சிக்கு அவருக்குத்தான் முதல் நாற்காலி போட்டோம்.