ஸ்கூல் பேண்டுக்கு ஒத்தாசையா வாசிக்கப் போறப்ப எந்த டூபாவ தூக்கிட்டுப் போகணும்

ஆகஸ்ட் 15, ஜனவரி 26, ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா, இந்த நாலுக்கும் முன்னாடி ஏதாவது ஒரு ஸ்கூல்ல இருந்து எனக்கு போன் வந்துரும். "அண்ணே, பேஸுக்கு ஒரே ஒரு பயதான் இருக்கான், அவனும் புதுசு, ரெண்டு மூணு ரிகர்சலுக்கு வந்து கூட உக்காந்து வாசிச்சுக் குடுங்கண்ணே"ன்னு பேண்ட் மாஸ்டர் கேப்பாரு. மதுரைக்குள்ளயோ மேலூர், திருமங்கலம் பக்கமோ எங்கன்னாலும் கெளம்பிருவேன், ஏன்னா டூபா, அதான் அடி சுரம் (பேஸ்) வாசிக்கிற பெரிய பித்தள வாத்தியம், அது இல்லாத பேண்டக் கேக்கவே சங்கடமா இருக்கும், டிரம்ஸ் ஒரு பக்கம் டிரம்பெட் ஒரு பக்கம், அடியில தாங்குறதுக்கு ஒண்ணுமே இருக்காது. இப்ப என்னய மாதிரியே போற தம்பிங்க ரெண்டு மூணு பேரு "எதண்ணே எடுத்துட்டுப் போறது, பெருசா சின்னதா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எனக்குத் தெரிஞ்சத மொத்தமா எழுதிர்றேன்.

மாஸ்டர்கிட்ட மொதல்ல கேக்க வேண்டியது என்ன பாட்டுன்னு இல்ல, எத்தன பேருன்னும் இல்ல. நம்ம பக்கத்துல உக்காரப் போற பிள்ள கையில என்ன டூபா இருக்கு, அது என்ன கீ? கீன்னா, வால்வ் (விரலால அமுக்குற கட்டை) எதையும் அமுக்காம ஊதுனா எந்த சுரத்துல நிக்குதோ அது. இது தெரிஞ்சாலே பாதி முடிவு ஆயிரும். பிள்ள வச்சிருக்குற அதே கீ, பிள்ள வச்சிருக்குறத விட பெருசா இல்லாத சைஸ். என்னோட கணக்கு இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இத நான் எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்றேன். சில வருசத்துக்கு முன்னாடி ஒத்தக்கடை தாண்டி ஒரு ஸ்கூல், மேல தகர ஷீட் போட்ட ஹாலு, இருபத்தி நாலு பிள்ளைங்க. என்கிட்ட இருக்குறதுலயே நல்லது நாலு வால்வ் டபுள் பி ஃபிளாட் (ரொம்பக் கீழ இருக்குற பி ஃபிளாட்ல நிக்கிற டூபா), பெருசு, அதத்தான் கொண்டு போனேன், பிள்ளைங்களுக்கு நல்லது குடுக்கணும்னுதான் நெனச்சேன். வாசிக்க ஆரம்பிச்சதும் மாஸ்டர் மொகத்துல அப்படி ஒரு சந்தோசம், "இப்பத்தாண்ணே பேண்டு மாதிரி இருக்கு"ன்னாரு. ரெண்டாவது ரவுண்ட்ல எதேச்சையாத் திரும்பிப் பாக்குறேன், பக்கத்துல இருந்த எட்டாங்கிளாஸ் பய விரல மட்டும் அமுக்கிக்கிட்டு இருக்கான், கன்னம் அசையல, நெஞ்சு ஏறி எறங்கல, ஊதவே இல்ல. என் சத்தத்துக்குள்ள அவன் சத்தம் அவனுக்கே கேக்கல, அப்புறம் எதுக்கு ஊதணும்னு விட்டுட்டான். நிகழ்ச்சி அன்னைக்கு வீட்ல ஒரு காரியம், என்னால போக முடியல, அவன் தனியா உக்காந்து முழிச்சிருக்கான். அது இன்னைக்கும் எனக்கு உறுத்தும். அடுத்த வருசம் அதே ஸ்கூலுக்குப் போறப்ப பெருச வீட்ல வச்சிட்டு, ஒரு சிநேகிதர்கிட்ட முக்கா சைஸ் மூணு வால்வ் டபுள் பி ஃபிளாட் கடன் வாங்கிட்டுப் போனேன், அவனும் ஊதுனான், நல்லாவே ஊதுனான்.

சரி, கீ ஏன் முக்கியம்? புதுசா படிக்கிற பிள்ள நோட்டப் பாக்காது, ஒங்க விரலத்தான் பாக்கும். டபுள் பி ஃபிளாட்ல கீழ் பி ஃபிளாட் ஒரு வால்வும் அமுக்காமலே வரும், அதுக்கு மேல எஃப்பும் அப்படித்தான். ஈ ஃபிளாட் டூபால அதே ரெண்டு சுரத்துக்கும் ஒண்ணு மூணு அமுக்கணும், இல்லாட்டி நாலாவது வால்வ் இருந்தா அது. நீங்க ஈ ஃபிளாட்ட வச்சிக்கிட்டு ஒண்ணு மூணு அமுக்குறதப் பாத்து அந்தப் பிள்ள தன்னோட டபுள் பி ஃபிளாட்ல ஒண்ணு மூணு அமுக்குச்சுன்னா சி வரும், இல்லன்னா கீழ எங்கயோ போயி உறுமும், அது என்ன தப்பு பண்ணோம்னு தெரியாம பயந்துரும். இன்னொண்ணு, நம்ம ஸ்கூல்கள்ல நெறைய மாஸ்டருங்க போர்டுல சரிகமவ எழுதி அதுக்குக் கீழ 0, 1, 12, 13ன்னு டிரம்பெட்டுக்கு வால்வ் நம்பர் போட்ருவாங்க. டிரம்பெட்டும் பி ஃபிளாட் தான், அதனால டபுள் பி ஃபிளாட் வச்சிருக்குற பிள்ள அதே நம்பர அமுக்குனாப் போதும், ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ அதே சுரம் விழும். ஈ ஃபிளாட் வச்சிருக்குற பிள்ளைக்கு மட்டும் நம்பர் வேற, அத நீங்க உக்காந்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அதோட ஸ்டாண்டுல கிளிப் போட்டு மாட்டி விடணும், மாஸ்டருக்கு அதுக்கு நேரம் இருக்காது.

ஸ்கூல் பேண்டுக்கு வர்ற பாட்டெல்லாம் பெரும்பாலும் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் இந்த மூணு கீயிலதான் (சுருதியிலதான்) இருக்கும். அதனாலயும் டபுள் பி ஃபிளாட்டுக்குத்தான் என் ஓட்டு. பதினெட்டு அடி நீளக் குழாய், காத்து நெறைய வேணும், ஆனா அதிகமா வர்ற சுரமெல்லாம் லேசா வந்துரும். மூணு வால்வ் ஈ ஃபிளாட்ல, அது பதிமூணு அடிதான், பி ஃபிளாட்டும் எஃப்பும் ஒண்ணு மூணு போட்டு எடுக்கணும்னு சொன்னேன்ல, அந்த ஒண்ணு மூணு எப்பவுமே கொஞ்சம் ஷார்ப்பா (சுருதி ஏறி) நிக்கும், மூணையும் சேத்து அமுக்குனா இன்னும் ஷார்ப். அந்தக் கூட்டணிலதான் பேண்டோட ஆதார சுரமே இருக்குன்னா நெனச்சுப் பாருங்க. கீழ ஏ வரைக்கும்தான் போகும், அதுக்குக் கீழ ஏ ஃபிளாட், ஜி எல்லாம் ஒழுங்கா வராது, மேல் ஆக்டேவ்ல வாசிச்சு ஒப்பேத்தணும்.

அதுக்காக ஈ ஃபிளாட்ட தள்ளி வைக்கச் சொல்லல. ஒங்க ஈ ஃபிளாட் காம்பன்சேட்டிங்கா, அதாவது அந்த ஷார்ப்ப தானே சரி பண்ற வகையா இருந்தா கதையே வேற. வால்வுக்குப் பின்னாடி பாருங்க, மெயின் குழாய் தவிர குட்டிக் குட்டியா வளைஞ்ச குழாய் கூடுதலா இருக்கும், ரெண்டு மூணு வால்வ் சேந்து அமுக்குறப்ப காத்து அது வழியாவும் சுத்தி வந்து அந்த ஷார்ப்ப சரி பண்ணும். 1874ல லண்டன்ல பிளைக்லின்னு ஒருத்தர் பேட்டன்ட் வாங்குன ஏற்பாடு, இன்னைக்கு வரைக்கும் அதேதான் ஓடுது. பேண்டுல டூபாவே இல்ல, நீங்க மட்டும்தான் பேஸ், பதினஞ்சு இருபது பேருதான், சின்ன ஹாலுன்னா ஈ ஃபிளாட்டே எடுத்துட்டுப் போங்க, சத்தம் குண்டா பரவாம தெளிவா நிக்கும், பிள்ளைங்களுக்கு எங்க தாளம் விழுதுன்னு நல்லா கேக்கும். ஆட்டோவுலயும் மடில வச்சிட்டுப் போயிரலாம், இது சின்ன விசயம் இல்ல, டவுன் பஸ்ல காலைல ஸ்கூல் டைம்ல பெரிய டூபாவோட ஏறிப் பாருங்க தெரியும்.

சி டூபா, எஃப் டூபா வச்சிருக்குறவங்க அத வீட்லயே வச்சிருங்க. 1835ல பெர்லின்ல வீப்ரெக்ட், மோரிட்ஸ்னு ரெண்டு பேரு பேட்டன்ட் வாங்குன மொத டூபாவே எஃப் தான், அருமையான வாத்தியம்தான், ஆனா ஸ்கூல் பேண்டுல பக்கத்துல இருக்குற பிள்ளைக்கு அதுனால ஒரு பிரயோஜனமும் இல்ல, விரலும் ஒத்துப் போகாது குரலும் ஒத்துப் போகாது.

நடந்துக்கிட்டே வாசிக்கிற மார்ச் பாஸ்ட்டுன்னா சூசஃபோன் கெடச்சா அதத் தவிர வேற யோசிக்காதீங்க. 1890கள்ல அமெரிக்காவுல சூசாங்கிற பேண்ட் மாஸ்டரோட பேண்டுக்காக செஞ்ச டூபா இது, ஒடம்பச் சுத்தி வளைஞ்சு எடது தோள்ல உக்காரும், பெரும்பாலும் டபுள் பி ஃபிளாட் தான், அதனால விரல் மாறாது. ஃபைபர் ஒடம்பு இருந்தா பித்தளைய விட எடை நல்லாக் கொறையும், எட்டு ஒம்பது கிலோ வரும். ஆனா அரை மணி நேரம் நின்னா ஒம்பது கிலோவும் தோள அறுக்கும், ஒரு துண்ட நாலா மடிச்சு சட்டைக்கு உள்ள வச்சுக்கங்க, வெளிய வச்சா நடக்க நடக்க நழுவிரும். ஒரே ஒரு சூசஃபோன் தான் இருக்கு, அத ஒரு பிள்ள ஆசையா வச்சிருக்குன்னா கேக்காதீங்க, நீங்க ஓரத்துல நின்னு சாதா டூபாவுல வாசிங்க. மைதானத்துல பெல் (சத்தம் வெளிய வர்ற அகல வாய்) மேல பாத்த டூபாவுக்கு சத்தம் வானத்துக்குப் போயிரும், பொறத்தால செவுரோ மரத்தடியோ இருக்குற மாதிரி எடம் கேளுங்க.

வெயிலப் பத்திச் சொல்லணும், ஏன்னா நம்ம ஊரு வெயிலு. காலைல ஏழு மணிக்கு டியூன் பண்ணிட்டு பத்து மணிக்குக் கொடியேத்துறப்ப வாசிச்சா எல்லா வாத்தியமும் ஷார்ப் ஆகும், பெரிய டூபா அதிகமா ஆகும், ஏன்னா அத்தாம் பெரிய குழாய்க்குள்ள இருக்குற காத்த நம்ம மூச்சால ஒரே சூட்டுல வச்சிருக்க முடியாது. அதனால வீட்ல வச்சுப் பாக்கும்போதே மெயின் ஸ்லைடு (சுருதி சேக்க இழுக்குற குழாய்) அரை இஞ்சுக்கு மேல வெளிய இழுத்த நெலமைல சரியா நிக்குதான்னு பாருங்க, அதுக்கு மேலயும் இழுக்க எடம் இருக்கணும். ஏற்கனவே கடைசி வரைக்கும் இழுத்தாத்தான் சேருதுன்னா அந்த டூபாவ மைதானத்துக்குக் கொண்டு போகாதீங்க.

இதுல ஒரு கண்ணி இருக்கு. இங்கிலாந்து பித்தளை பேண்டுங்க 1960கள் நடுவுல வரைக்கும் ஹை பிட்ச்ல (ஒசந்த சுருதில) வாசிச்சாங்க, ஏ சுரம் 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலா 452.5 கிட்ட, அதாவது கிட்டத்தட்ட அரை செமிடோன் (அடுத்தடுத்த ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்குற எடைவெளில பாதி) ஒசரம். அந்தக் காலத்து ஈ ஃபிளாட் பேஸ் (டூபாதான்) இன்னும் நம்ம பக்கம் சுத்திக்கிட்டு இருக்கு. நானும் ஒண்ணு வாங்கி ஏமாந்தேன், "லண்டன் சாமான், இந்தப் பித்தள இப்ப கெடைக்காது"ன்னு வித்தவரு சொன்னாரு, பித்தள நல்ல பித்தளதான், ஆனா ஸ்லைட முழுசா இழுத்தும் கிளாரினெட்டோட சேரவே இல்ல. மெயின் ஸ்லைட நீட்டி வச்சா மட்டும் போதாது, வால்வ் ஸ்லைடும் அதே அளவுக்கு நீளணும், அது பெரிய வேல. இப்பல்லாம் போன்லயே டியூனர் ஆப் இருக்கு, அஞ்சு நிமிசம் நல்லா ஊதி சூடாக்கிட்டு பாத்துருங்க.

நோட்டு எப்படி வந்திருக்குன்னும் கேட்டுக்கங்க. பிரிட்டிஷ் செட்டுன்னா பேஸுக்கும் டிரெபிள் கிளெஃப்ல (மேல் சுரத்துக்கான நோட்டுக் குறி) எழுதியிருக்கும், அமெரிக்கன் செட்டுன்னா பேஸ் கிளெஃப் (கீழ் சுரத்துக்கான குறி). கையில ஈ ஃபிளாட், வந்தது பேஸ் கிளெஃப்னா பயப்பட வேணாம், அத டிரெபிள் கிளெஃப்னு நெனச்சுப் படிங்க, கீ சிக்னேச்சர்ல (வரி ஆரம்பத்துல இருக்குற ஷார்ப் ஃபிளாட் குறில) மூணு ஃபிளாட்ட எடுத்துருங்க, ஃபிளாட் பத்தலன்னா மிச்சத்துக்கு ஷார்ப் சேருங்க. நடுவுல தனியா வர்ற ஷார்ப் ஃபிளாட்ட மட்டும் கவனமாப் பாருங்க, அங்கதான் வழுக்கும்.

சில சமயம் எதையும் தூக்காம போறதே நல்லது. ஸ்கூல்ல ரெண்டாவதா ஒரு டூபா பீரோவுக்குப் பின்னாடி தூசி புடிச்சுக் கெடக்கும், நசுங்கியிருக்கும், மூணாவது வால்வ் எறங்குனா ஏறாது. அத நீங்க எடுத்து வாசிங்க. வால்வ வெளிய எடுத்து, பழைய பனியன் துணியால தொடச்சு, வால்வ் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு, நம்பர் பாத்து அதே குழில போடுங்க, இத அந்தப் பிள்ளையையும் பக்கத்துல வச்சு செய்ய விடுங்க. வால்வுக்குத் தேங்காண்ணெய் மட்டும் ஊத்திராதீங்க, ஊத்தறவங்க இருக்காங்க, நாலு நாள்ல பிசின் மாதிரி ஆயிரும். நீங்க போனதுக்கு அப்புறமும் அந்த டூபா அங்கதான் இருக்கும், அடுத்த வருசம் இன்னொரு பிள்ள எடுக்கும்.

எது எடுத்துட்டுப் போனாலும் ஒங்க மவுத்பீஸ் பையில இருக்கட்டும், பழைய இங்கிலீஷ் வாத்தியத்துக்கு ஷேங்க் (வாத்தியத்துக்குள்ள நொழையிற மவுத்பீஸோட காம்பு) சின்னதா இருக்கும், ஒங்களோடது சரியா உள்ள போகலன்னா வம்படியா நொழைக்காதீங்க, ஸ்கூலோடத சோப்புத் தண்ணில நல்லா கழுவிட்டு வாசிங்க. அங்க இருக்குறது சிக்கிக்கிட்டு வரலன்னா கட்டிங் பிளேயர் போட்டுத் திருகாதீங்க, லீட் பைப்பே (மவுத்பீஸ் சொருகுற குழாயே) முறுக்கிக்கிட்டு வந்துரும், அதுக்குன்னு புல்லர் இருக்கு, இல்லாட்டி மெதுவா ஒரு மரக்கட்டையால சுத்திச் சுத்தி தட்டுனாலே பல தடவ கழண்டு கையில வந்துரும்.