தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கணுக்காலை ஆட்டுவது எப்படி?

திருப்பூரில் இருபது வருசமாக பவர் மிஷினில் பனியன் தைக்கிறேன். சீசன் நேரத்தில் ராத்திரி எட்டரைக்கு எழுந்தால் செருப்பு வார் காலில் பதிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அம்மாவின் மிதி மிஷினில் பாதம் ஓயாமல் ஆடும். எனக்கோ பெடலை லேசாக அமுக்கினால் போதும். அதுதான் வம்பு.

தோட்டத்து அடிபம்பைப் பார்த்திருப்பீர்கள். கெண்டைக்கால் சதையும் அப்படித்தானுங்க. அது இறுகும்போது உள்ளே இருக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சதை தளரும்போது ரத்தம் கீழே இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்ளும். அடியிலிருந்து புது ரத்தம் வந்து நிரம்பும். பாதம் ஆடாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கி, கால் வீங்கிவிடும்.

சரி, செய்முறை. குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல்களை முழங்காலைப் பார்த்து நன்றாக இழுங்கள். மூன்று எண்ணுங்கள். அப்புறம் விரல்களை ஊன்றி, கெண்டைச்சதை கல்லாக இறுகும் வரை குதிகாலைத் தூக்குங்கள். மெதுவாக, முழுசாக. வெறுமனே விரலை நெளிப்பது வேலைக்கு ஆகாது. ஒரு கட்டுத் துணி தைத்து முடிந்ததும் நான் இருபது தடவை செய்கிறேன். மேஸ்திரிக்குத் தெரியவே தெரியாது. டீ நேரத்தில் எழுந்து நடப்பது இதைவிட நல்லது.

ஆனால் ஒரே காலில் மட்டும் திடீரென வீக்கம், வலி, சூடு என்றால் ஆட்டவும் வேண்டாம், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். சிரைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.