காதில் தண்ணீர் நின்ற கதை

குளிர்ந்த கடலில் சர்ஃபிங் செய்துவிட்டு வந்தால் இரண்டு நாளைக்கு வலது காதில் தண்ணீர் 'களக் களக்'கென்று நிற்கும். ஒற்றைக் காலில் குதித்தாலும் வராது. குளிர்ந்த நீரும் காற்றும் பட்டுப் பட்டு காதுக்குழாயில் எலும்பு தடித்திருக்கிறது என்றார் டாக்டர். வளர்ந்தது தானாகக் கரையாதாம்.

இனி தண்ணீர் புகாமல் காதை அடைக்க, முதலில் தூங்கும்போது வைக்கிற ஃபோம் இயர்பிளக் (காதடைப்பான்). சுத்த வேஸ்ட், ஊறி நழுவிவிட்டது. அடுத்து முழுக்க அடைக்கும் சிலிக்கோன். தண்ணீர் வரவில்லை, நண்பன் கத்தியதும் கேட்கவில்லை! அவன் பலகை இடித்துத் தோள் வீங்கியதுதான் மிச்சம்.

இப்போது வைப்பது நடுவில் துளையும் மெல்லிய வலையும் உள்ள சர்ஃபிங் ரகம். ஒலி வரும், தண்ணீர் பெரும்பாலும் வராது. வலதுக்கு ஸ்மால், இடதுக்கு மீடியம் (ஆமாம், என் காதுகள் ஒரே அளவில்லை). தாடையை நன்றாக அசைத்தும் கழலாவிட்டால் அளவு சரி. இணைப்புக் கயிறு இல்லாததை வாங்காதீர்கள்; ஒரு ஜோடியைக் கடலுக்குக் கொடுத்தாயிற்று.