ரொட்டி சானாயும் ஆவ்சம், பத்துமலையும் ஆவ்சமா?

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டில் ஞாயிறு மாலை நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் வாயில் ஓயாமல் வரும் சொல் 'ஆவ்சம்' (awesome). ரொட்டி சானாய் ஆவ்சம், புதுக் காலணி ஆவ்சம். இதை அடியிலிருந்து கற்றுக்கொள்வோம்.

முதலில் உச்சரிப்பு. எழுத்தில் 'டபிள்யூ' உண்டு, ஆனால் 'வ்' ஒலிக்காது. உதட்டைக் குவித்து 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவே ஒலித்து, 'சம்' சேருங்கள்.

அடுத்து, சொல்லை இரண்டாக உடையுங்கள். பின்பாதி, 'லோன்சம்' என்பதில் வரும் அதே 'சம்'. உயிர் முன்பாதியில்தான் இருக்கிறது. அது வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியின் 'அகி'யிலிருந்து வந்தது. 'அகி' என்றால் பயம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் 'ஆவ்சம்' உருவானபோது அதில் பயபக்தி இருந்தது. 'பிரமாதம்' என்ற லேசான பொருள் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க இளைஞர் பேச்சில் பரவியது.

தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், மருட்கையும் (வியப்பு) அச்சமும் தனித்தனி. இரண்டும் ஒருசேர வந்தால் அதுதான் ஆவ்சம். நாம் தினமும் கேட்கும், 'பிரமாதம்' என்று பொருள்படும் மலாய்ச் சொல் 'ஹெபாட்'கூட, அச்சம் கலந்த மதிப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இப்போது பத்துமலைக்கு வாருங்கள். 42.7 மீட்டர் முருகன் சிலையின் காலடியில் நின்று அண்ணாந்தால் பின்கழுத்து இழுக்கும். 272 படியும் ஏறிக் குகைக்குள் நுழைந்ததும் நம் குரல் தானாகத் தணியும். மேலே பாறையிலிருந்து ஒரு சொட்டு நீர் தோளில் விழும். அங்கே தயங்காமல் 'ஆவ்சம்' என்று சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'ஆஃபுல்' இதே வேரில் பிறந்த சொல்தான்; இன்று அதற்கு 'படுமோசம்' என்று பொருள். என்னிடம் படித்த ஒரு பெண், விருந்து கொடுத்தவருக்கு எழுதிய நன்றி அட்டையில் 'டின்னர் வாஸ் ஆஃபுல்' என்று எழுதிவிட்டாள். பாவம், இரண்டு நாள் அழுதாள்.

நண்பர்களிடம் 'ஆவ்சம்' தாராளமாகச் சொல்லலாம். வேலை விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் 'இம்ப்ரெசிவ்' போடுங்கள்.

பயிற்சிக்கு, உங்களை ஒரு நொடி வாயடைக்க வைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு 'பிகாஸ்' போட்டுக் காரணத்தோடு எழுதுங்கள்: 'தி கேவ் இஸ் ஆவ்சம் பிகாஸ் ஐ ஃபெல்ட் ஸ்மால் இன்சைட் இட்.'