பிளாக்செயின் படிக்க வரும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவில் போய் உட்கார்ந்தால், ‘பிளாக்செயின் மூலம் தேர்தல்’ என்று ஓர் அணியாவது வந்து நிற்கும். டெமோ அழகாகவே ஓடும். மெட்டாமாஸ்க் என்ற வாலட் (கிரிப்டோ பணப்பை) திறக்கும், பட்டனைத் தட்டினால் ஓட்டு விழும். நான் கேட்பது இரண்டே கேள்விதான்.

ஒரே ஆள் பத்து வாலட் உருவாக்கினால் பத்து ஓட்டு போடலாமா? “முடியாது சார், அட்மின் சேர்த்த முகவரிக்கு மட்டும்தான் ஓட்டு.” சரி, அந்த அட்மினை நம்பலாம் என்றால் ஒரு சாதாரண டேட்டாபேஸை அவரிடமே கொடுத்துவிடலாமே, பிளாக்செயின் எதற்கு? இந்த இடத்தில் அணித் தலைவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்.

ஒருவரையொருவர் முழுதாக நம்பாத பலர், நடுவில் பஞ்சாயத்துக்கு ஆள் வைக்காமல், ஒரே கணக்கேட்டைப் பராமரிக்கச் செய்த ஏற்பாடு பிளாக்செயின். அந்த அவநம்பிக்கை உங்கள் பிரச்சினையில் இல்லையென்றால் மைஎஸ்கியூஎல் போன்ற சாதாரண டேட்டாபேஸ் போதும். வேகமும் அதிகம், செலவும் குறைவு. இதை வைவாவில் தானாகவே சொல்கிற மாணவருக்கு நான் மதிப்பெண்ணைக் கூட்டித்தான் போடுவேன்.

இரண்டாவது கேள்வி: யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது ரகசியமா? “பிரைவேட் என்று போட்டிருக்கிறோம் சார்.” ஜாவா வகுப்பிலிருந்து அப்படியே தூக்கி வந்த நம்பிக்கை இது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது செயினில் ஓடும் நிரல், எழுதும் சாலிடிட்டி மொழியில் அந்தச் சொல், இன்னொரு கான்ட்ராக்ட் இந்த மாறியை நேரடியாகப் படிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். பொது செயினில் உள்ள எந்தச் சேமிப்புக் கட்டத்தையும் வெளியே உட்கார்ந்து யாரும் ஒரு வரி ஸ்கிரிப்ட்டில் படித்துவிடலாம். உடனே சிலர் ‘ஹாஷ் செய்து வைக்கிறோம்’ என்பார்கள், அதாவது தரவைத் திரும்ப மாற்ற முடியாத ஒரு கைரேகை எண்ணாக்கி. ஆதார் எண்ணை வெறுமனே ஹாஷ் செய்தால் அது மறைவதில்லை. 12 இலக்கம் என்றால் மொத்தமே ஒரு லட்சம் கோடி சாத்தியங்கள். கேம் ஆட வாங்கிய நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று, எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்குள்ளேயே முயன்று பார்த்துவிடும்.

சான்றிதழ் சரிபார்ப்பு புராஜெக்ட்டில் நடக்கும் கூத்து வேறு. பிடிஎஃப் கோப்பையே செயினில் ஏற்றப் பார்ப்பார்கள். சாலிடிட்டி ஓடும் எத்தீரியம் என்ற பொது செயினில் 32 பைட் புதிதாக எழுத சுமார் 20,000 காஸ் (கட்டணத்தை அளக்கும் அலகு) ஆகும். 2 எம்பி கோப்புக்குக் கணக்குப் போடுங்கள்: 130 கோடி காஸைத் தாண்டும். ஒரு பிளாக்கின் (ஒரே தடவையில் செயினில் சேரும் பரிவர்த்தனைக் கட்டின்) மொத்தக் கொள்ளளவே 2025 தொடக்கம் வரை 3 கோடி காஸாகத்தான் இருந்தது. கோப்பை வெளியே வைத்து, அதன் 32 பைட் ஹாஷை மட்டும் செயினில் போட்டால் வேலை முடிந்தது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் கோடு (நிரல்) எழுத உட்காருவதுதான் பிழை.

அடுத்து, பழைய வீடியோ. 2018-இல் வந்த டுடோரியலைத் திறந்து வரிக்கு வரி தட்டச்சு செய்வார்கள். சிவப்பில் எரர் கொட்டும். ‘நமக்கு இது வராது’ என்று மூடிவிடுவார்கள். தப்பு அவர்கள் மீது இல்லை. அந்த வீடியோ சொல்லும் ராப்ஸ்டன், ரிங்கெபி டெஸ்ட்நெட்டுகள் (நிஜப் பணமில்லாத சோதனைச் செயின்கள்) மூடப்பட்டுவிட்டன. கான்ட்ராக்ட் எழுதிச் சோதிக்க உதவிய டிரஃபிள், கனாஷ் கருவிகளுக்கு 2023-இல் விடைகொடுத்தாகிவிட்டது. 2020 டிசம்பரில் வந்த சாலிடிட்டி 0.8, ஓர் எண் தனக்கான இடத்துக்குள் அடங்காமல் வழிந்தோடினால் தானே பரிவர்த்தனையை நிறுத்திவிடும். அதற்கென்று பழைய பாடங்களில் வரும் சேஃப்மேத் என்ற கூடுதல் கோடு இப்போது தேவையில்லை. 2022 செப்டம்பருக்குப் பிறகு எத்தீரியத்தில் மைனிங்கே கிடையாது. ஆகவே வீடியோவின் தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிரவுசரிலேயே ஓடும் ரீமிக்ஸில் கையைப் பழக்கி, அப்புறம் ஹார்ட்ஹாட் அல்லது ஃபவுண்ட்ரி கருவிக்குப் போய், செபோலியா டெஸ்ட்நெட்டில் ஏற்றிப் பார்ப்பது இன்றைய வழி.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். கல்லூரியில் நாம் எழுதும் புரோகிராமை உடைக்க யாரும் காத்திருப்பதில்லை. சரியான உள்ளீடு கொடுத்தால் சரியான விடை வர வேண்டும், அதுதான் லேப் தேர்வு. ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டோ பணத்தோடு நடுத்தெருவில் நிற்கிறது. அதைப் படித்து ஓட்டை தேடுகிறவனுக்கு, கண்டுபிடித்தால் பணம் கைமேல்.

2016 ஜூனில் நடந்த ‘தி டிஏஓ’ என்ற எத்தீரிய முதலீட்டு நிதி கொள்ளைபோன சம்பவத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கோடில் என்ன பிழை என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒரு கேஷியரை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தை முதலில் கையில் கொடுத்துவிடுவார், பாஸ்புக்கில் அப்புறம்தான் கழிப்பார். பணம் வாங்கியவன் கழிப்பதற்குள் மறுபடி சீட்டை நீட்டினால்? பாஸ்புக்கில் பழைய இருப்பே இருக்கிறது, மறுபடி கொடுப்பார். எத்தீரியத்தில் ஒரு கான்ட்ராக்ட்டுக்குப் பணம் அனுப்பினால் அதன் கோடு ஓடத் தொடங்கும்; அந்தக் கோடு உங்கள் வித்டிரா ஃபங்ஷனையே திரும்ப அழைக்கலாம். அப்படித்தான் சுமார் 36 லட்சம் ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) வடிந்தது. அதைச் சரிக்கட்டப் போய், அந்த ஜூலையில் செயினே இரண்டாகப் பிரிந்தது. எத்தீரியம் கிளாசிக் என்று இன்னொன்று இன்றும் இருப்பது அதனால்தான். தீர்வு என்னவோ வரிகளை இடம் மாற்றுவதுதான்: இருப்பை முதலில் கழி, பணத்தைப் பிறகு அனுப்பு.

இதைப் படித்தால் மட்டும் போதாது, கையால் உடைத்துப் பார்க்க வேண்டும். ஓப்பன்செப்பலின் நிறுவனத்தின் எத்தர்நாட் விளையாட்டில் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஓட்டை உள்ள கான்ட்ராக்ட். நான்கு டோக்கன் செய்து ரெஸ்யூமேயில் போடுவதைவிட, அதில் பத்துக் கட்டம் தாண்டுவது மேல் என்பேன்.

சின்னச் சின்னதாகவும் சில உண்டு. சாலிடிட்டியில் தசமம் கிடையாது, 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 தான். அதனால் தொகையைச் சிறு அலகுகளில் முழு எண்ணாக எழுதுவார்கள்: ஈத்தருக்கு 18 தசம இடம், யுஎஸ்டிசி என்ற டாலர் டோக்கனுக்கு 6. இரண்டையும் கலந்தால் கணக்கு கந்தல். பிளாக்கின் நேரத்தை வைத்து லாட்டரி குலுக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள், முகப்பு செய்ய அது இல்லாமல் நகராது. கம்பெனிகளுக்கிடையே ஓடும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் பக்கம் போக விரும்பினால் கோ மொழி கைகொடுக்கும்.

பிரைவேட் கீ, அதாவது வாலட்டின் ரகசியச் சாவி, விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். டெஸ்ட்நெட் தானே என்று கீ இருந்த கோப்பை கிட்ஹப்பில் ஏற்றினேன். மறுநாள் அழித்தும் விட்டேன். அழித்தாலும் பழைய கமிட்டில் (கிட்ஹப் சேர்த்து வைக்கும் முந்தைய பதிப்பில்) அது இருக்கும் என்று அப்போது உறைக்கவில்லை. சில மாதம் கழித்து அதே முகவரிக்கு கொஞ்சம் நிஜ ஈத்தர் வந்தது. காபி குடித்துவிட்டு வருவதற்குள் காலி. டெஸ்ட்நெட்டுக்கும் நிஜப் பணம் ஓடும் மெயின்நெட்டுக்கும் முகவரியும் கீயும் ஒன்றே. பழகுவதற்கென்று தனி வாலட் வையுங்கள், அதில் ஒரு ரூபாய்கூட நிஜப் பணம் வேண்டாம்.

பிளேஸ்மென்ட் சீசனில் இன்னொன்றும் வரும். டெலிகிராமிலோ லிங்க்ட்இன்னிலோ ஒருவர் வந்து வேலை இருக்கிறது என்பார், ‘இந்தக் கோடை இறக்கி உங்கள் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டுங்கள், அதுதான் தேர்வு’ என்பார். 2022 மார்ச்சில், ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் கொண்டுபோகும் ரோனின் பாலத்திலிருந்து 1,73,600 ஈத்தர் போனபோது திருடர்கள் கைப்பற்றியது, பணத்தை விடுவிக்கும் ஒன்பது சாவிகளில் ஐந்தை. கான்ட்ராக்ட்டில் ஓட்டை தேடவில்லை. போலி வேலை அழைப்பு ஒன்றின் வழியாக உள்ளே புகுந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. அப்படி யார் கோடு அனுப்பினாலும் வாலட் இல்லாத விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பிளாக் செய்துவிட்டு எத்தர்நாட்டின் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.