55 சதவீதம் என்றால் பாதிப் பணம் போச்சா? அமெரிக்க ஆராய்ச்சி மானியத்தில் மறைமுகச் செலவு போடுவது எப்படி

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக ஒரு ஃபெடரல் கிராண்டுக்கு (மத்திய அரசின் மானியத்துக்கு) பட்ஜெட் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில்தான் கோபப்படுகிறார்கள்: மறைமுகச் செலவு. எல்லோரும் ஓவர்ஹெட் என்று சொல்வது இதைத்தான், படிவங்களில் எஃப் அண்ட் ஏ என்று இருக்கும். "ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதுவது நான், பாதியை வாரிக்கொண்டு போவது நிர்வாகமா?" சரி, முதலில் இந்தப் பயத்தைத் தீர்த்துவிடலாம். விகிதம் 55 சதவீதம் என்றால் வருகிற பணத்தில் 55 சதவீதத்தை யாரும் வெட்டுவதில்லை. உங்கள் ஆய்வுக்கென்றே ஆகும் செலவுக்கு, அதாவது நேரடிச் செலவுக்கு மேல் அதைக் கூட்டிப் போடுகிறார்கள், அதுவும் நேரடிச் செலவு முழுவதற்கும் அல்ல.

எதற்காக இந்தப் பணம்? ஆய்வகத்தின் மின்சாரம், கட்டடத் தேய்மானம், நூலகம், ரசாயனக் கழிவை அகற்றுவது, மனிதர்கள் மேல் செய்யும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் குழு, அரசாங்கத்துக்குக் கணக்கு ஒப்படைக்கும் அலுவலகம். இதில் உங்கள் பிராஜக்டின் பங்கு எத்தனை டாலர் என்று யாராலும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால்தான் விகிதம்.

அந்த விகிதத்தை நீங்கள் ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகமும் சுகாதாரத் துறையுடனோ கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்துடனோ பேரம் பேசிக் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கும். அதன் பிரதியை உங்கள் பல்கலைக்கழகத்தில் மானியங்களைக் கவனிக்கும் ஸ்பான்சர்டு புரோகிராம்ஸ் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, முழுதாகப் படியுங்கள், சில பக்கங்கள்தான். விகிதத்துக்கு இரண்டு பாதிகள்: கட்டட வசதி, நிர்வாகம். நிர்வாகப் பாதி 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1991 முதல் உச்சவரம்பு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஒரு உல்லாசப் படகின் தேய்மானம்கூட ஆராய்ச்சிக் கணக்கில் ஏறியிருந்தது தணிக்கையில் வெளிவந்து, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) வரைக்கும் போய் நாறிய பிறகு வந்த கட்டுப்பாடு அது. கட்டடப் பாதிக்கு வரம்பு இல்லை, ஊருக்கு ஊர் விகிதம் மாறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வேலை வளாகத்துக்கு வெளியே நடக்கிறது என்றால் தனி விகிதம் உண்டு, பல இடங்களில் அது வெறும் 26 தான். கள ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வருவது அடித்தளம். தப்பு நடப்பதெல்லாம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். விகிதத்தைப் பெருக்க வேண்டிய தொகைக்கு எம்.டி.டி.சி. என்று பெயர், சில செலவுகளைக் கழித்துவிட்ட பிறகு மிஞ்சும் நேரடிச் செலவு. சம்பளம், சலுகைகள் (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை), பொருட்கள், பயணம் எல்லாம் இதில் சேரும். பெரிய கருவிகள், மாணவர் கல்விக் கட்டணம், உதவித்தொகை, இட வாடகை, பயிலரங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பணம் இவையெல்லாம் சேராது. இன்னொரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் துணை மானியத்தில் முதல் 50,000 டாலர் மட்டும் சேரும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்த ஆய்வாளர்) சம்பளமும் சலுகைகளும் 90,000. ஒரு பிஎச்.டி. மாணவரின் சம்பளம் 35,000, அவருடைய கட்டணம் 25,000. ரசாயனம் 20,000, பயணம் 5,000, நுண்ணோக்கி 60,000, துணை மானியம் 100,000. மொத்த நேரடிச் செலவு 335,000 டாலர். இதிலிருந்து கட்டணம் 25,000, நுண்ணோக்கி 60,000, துணை மானியத்தில் 50,000 ஆகியவற்றைக் கழித்தால் அடித்தளம் 200,000. 55 சதவீதம் போட்டால் 110,000. ஆக மொத்தம் 445,000, அதில் மறைமுகச் செலவு கால் பங்கைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் வருடம் அதே துணை மானியம் இன்னொரு 100,000 போனாலும் அதிலிருந்து அடித்தளத்தில் எதுவும் சேராது, ஏனென்றால் முதல் 50,000 என்பது அந்த ஒப்பந்தத்தின் ஆயுளுக்கு ஒரே தடவைதான். வருடா வருடம் 50,000 சேர்த்துப் போட்டு அனுப்பப்படும் பட்ஜெட்டுகள் உண்டு, திரும்பி வரும்.

இன்னொரு சிக்கல். இந்த 50,000 என்ற வரம்பு 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் 25,000. கருவி என்று கணக்கிடும் குறைந்தபட்ச விலையும் 5,000-லிருந்து 10,000-க்கு ஏறியது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் பழையதாக இருந்தால் அதில் பழைய எண்களே இருக்கலாம், அப்போது ஒப்பந்தத்தில் இருப்பதுதான் செல்லும்.

அப்புறம், எந்த நிறுவனத்துக்கு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) மாடுலர் பட்ஜெட்டில், அதாவது ஒவ்வொரு செலவையும் விவரிக்காமல் தொகுதிகளாகக் கேட்கும் எளிய பட்ஜெட்டில், வருடத்துக்கு 250,000 டாலர் என்பது நேரடிச் செலவுக்கான வரம்பு, மறைமுகச் செலவு அதற்கு மேல் வரும். அறிவிப்பில் 'மொத்தத் தொகை' என்று வரம்பு போட்டிருந்தால் கதை வேறு, மறைமுகச் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். 300,000 தான் உச்சம், விகிதம் 50, எல்லாச் செலவும் அடித்தளத்தில் சேருகிறது என்றால் 300,000-ஐ 1.5 ஆல் வகுங்கள், உங்கள் கைக்கு 200,000. 150,000 என்று கணக்குப் போட்டு ஆளைக் குறைத்துவிடாதீர்கள். என்.ஐ.எச்.-இன் பயிற்சி மானியங்களிலும் கே வகை மானியங்களிலும் (ஆய்வாளர்களின் தொழில் வளர்ச்சிக்கானவை) 8 சதவீதம்தான். வேளாண் துறையின் ஆராய்ச்சி மானியங்களைத் தரும் நிஃபாவில், கொடுக்கும் மொத்தப் பணத்தில் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அது நேரடிச் செலவில் 42.857 சதவீதத்துக்குச் சமம். இதையும் உங்கள் ஒப்பந்த விகிதத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு எது குறைவோ அதைப் போட வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்கும் 15 சதவீத விவகாரம். 2025 பிப்ரவரியில் எல்லா மானியத்துக்கும் மறைமுகச் செலவு 15 சதவீதம்தான் என்று என்.ஐ.எச். அறிவித்தது. பின்னாலேயே எரிசக்தித் துறை, என்.எஸ்.எஃப். (தேசிய அறிவியல் அறக்கட்டளை), பாதுகாப்புத் துறை என்று வரிசையாக அதே பாட்டு. மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட, ஒவ்வொன்றையும் நீதிமன்றம் நிறுத்தியது. என்.ஐ.எச். விஷயத்தில், பேசி முடித்த விகிதங்களில் கை வைக்கக் கூடாது என்று காங்கிரஸ் 2018 முதல் நிதி மசோதாவிலேயே எழுதி வருவதும் ஒரு காரணம். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு 15 இருக்கிறது: ஒப்பந்தமே இல்லாத சிறிய கல்லூரிகள் பேரம் பேசாமல், ஆவணம் காட்டாமல் போட்டுக்கொள்ளக்கூடிய சலுகை விகிதம். முன்பு 10 ஆக இருந்தது, 2024-இல்தான் ஏறியது. சிறிய கல்லூரியில் இருந்துகொண்டு 'எங்களிடம் விகிதம் இல்லை' என்று பூஜ்யம் போட்டு அனுப்புவது அநியாயம், தாராளமாக 15 கேளுங்கள். துணை மானியம் வாங்கும்போதும் இதே உரிமை உண்டு.

'நம் பட்ஜெட் மலிவாகத் தெரியட்டும்' என்று விகிதத்தை நீங்களாகக் குறைத்துப் போடாதீர்கள். அந்த அதிகாரம் உங்களுக்கோ துறைத் தலைவருக்கோ கிடையாது, ஸ்பான்சர்டு அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மதிப்பீட்டாளர்கள் உங்கள் அறிவியலைத்தான் பார்க்கிறார்கள், பல்கலைக்கழகத்தின் விகிதத்துக்கு மதிப்பெண் இல்லை. அப்படிக் குறைத்த தொகையை உங்கள் தரப்புப் பங்களிப்பாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதற்கும் மானியம் தரும் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். என்.எஸ்.எஃப்.-இலோ அறிவிப்பு கேட்காத பங்களிப்பை பட்ஜெட்டில் எழுதவே கூடாது.