இங்கிலாந்து போகிறவர்களே, 'பிரிபேர்ட்' என்று கடிதம் வந்தால்

சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் இ-விசா கணக்கு திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீடு பிடிக்க, அங்கே தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று காட்டும் ஷேர் கோடு கேட்பார்கள், அதை அந்தக் கணக்கு வழியாகத்தான் எடுக்க வேண்டும். போனதும் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரிடம் பதிவு, வேலைக்கும் வரிக்கும் கேட்கும் நேஷனல் இன்சூரன்ஸ் எண், வங்கிக் கணக்கு. இதையெல்லாம் அரசு இணையதளமே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றில்தான் என் நண்பன் மாட்டிக்கொண்டான்.

பெரம்பூர்க்காரன். மான்செஸ்டரில் வேலையிடத்துக்கு நடந்து போகும் தொலைவில் ஓர் அறை பார்த்திருந்தான். முகவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "தி லேண்ட்லார்ட் இஸ் நாட் பிரிபேர்ட் டு ஹோல்ட் தி ரூம் வித்தவுட் எ டெபாசிட்." வீட்டுக்காரர் இன்னும் அறையைத் தயார் செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டான். நம் ஊரில் அதுதானே வழக்கம்? பழைய குடித்தனம் காலி செய்ததும் வெள்ளையடித்து, ஒழுகும் குழாயை மாற்றி, "ரெடியானதும் போன் செய்கிறேன் தம்பி" என்பார்கள். "காத்திருக்கிறேன்" என்று பணிவாகப் பதில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தான். அறையை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வரியின் பொருள், முன்பணம் தராமல் அறையை நிறுத்திவைக்க அவர் சம்மதிக்க மாட்டார் என்பது. 'பிரிபேர்ட் டு' என்று வந்தால் பெரும்பாலும் மனம் இசைவதைப் பற்றிய பேச்சு. "விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை" என்று நம் பத்திரிகைகள் தினமும் எழுதுவதும் இதே பொருளில்தான். தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் அவனுக்கே விளங்கியிருக்கும். இங்கிலாந்தில் இப்படி அறையை நிறுத்திவைக்க வாங்கும் முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது 2019 முதல் சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய வீட்டுப் பிள்ளை, கையில் பணத்தை வைத்துக்கொண்டே அறையை இழந்தான். நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

கோச்சிங் வகுப்புகள் மேல்தான் என் கோபம். 'பிரிபேர் ஃபார் தி எக்ஸாம்' என்றால் மாணவர் படிப்பது, 'பிரிபேர் தி எக்ஸாம்' என்றால் ஆசிரியர் வினாத்தாள் தயாரிப்பது என்று நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். சம்பளம், வாடகை, வேலைநேரம் பேசும் இடத்தில் வரும் பொருளை ஒருவரும் தொடுவதில்லை. நேர்காணலில் "ஆர் யூ பிரிபேர்ட் டு வொர்க் நைட்ஸ்?" என்றால், இரவுப்பணிக்குச் சம்மதமா என்கிறார்கள். "நன்றாகப் பிரிபேர் செய்து வந்திருக்கிறேன்" என்று சொன்னால் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. முடியுமா, முடியாதா என்று நேராகச் சொல்லுங்கள். அங்கே அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டு விஷயத்தில் இப்படி ஒரு வரி வந்தால், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று அன்றே கேட்டுக் கட்டி ரசீது வாங்குங்கள். கட்டிய பிறகு நீங்களே பின்வாங்கினால் அந்தத் தொகை போய்விடலாம். அதனால் இரண்டு இடங்களில் கட்டிவைக்காதீர்கள். குடிபோகும்போது தரும் டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்குள்தான். அதை வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். சேர்த்ததற்கான விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.